முதுமைக்குள் புதிதாக நுழைவோருக்கு: எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது

68 வயதில் ஒரு நள்ளிரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டிருந்த 6 வாரங்களில்தான், முதுமைக்காக நான் முன்பே செய்திருக்க வேண்டிய வேலைகள் எவை என்பதும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் பல ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தன. என் மனைவி என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனால் இந்த வேலைகளில் பாதியை அவர் எனக்கு முன்பே ஓசையின்றி முடித்திருந்தார். எங்கள் இருவருடைய அனுபவத்தையும் சேர்த்து, 60 வயதை நெருங்குபவர்களுக்கும் அதை இப்போதுதான் கடந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் செலவாவது பணத்தைக் காட்டிலும் காலம்தான். காதுக் கருவிக்கு மூளை பழகவும், தொடைத் தசை வலுப்பெறவும், ஆவணத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் வாரங்களும் மாதங்களும் பிடிக்கின்றன. தேவை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கற்றுக்கொள்வதற்கு வேண்டிய தெம்பு அப்போது நம்மிடம் இருக்காது. அதனால் ஒவ்வொரு படியிலும் அதற்குப் பிடிக்கும் காலத்தையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. மருந்துப் பட்டியலை எழுதுங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். செலவு எதுவும் இல்லை. ஒரு தாளில், நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் அதன் பெயர், அளவு, வேளை, எதற்காக எடுக்கிறீர்கள், யார் எழுதிக்கொடுத்தார், எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள் ஆகிய ஆறையும் எழுதுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் நீங்களே வாங்கும் வலி மாத்திரை, சளி மருந்து, சத்து மாத்திரை, மூலிகைச் சூரணம், கண் சொட்டு மருந்து ஆகியவையும் பட்டியலில் இருக்க வேண்டும். கடைசியில் ஒவ்வாமைகளையும் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகளையும் சேர்த்து, ஒரு படியைப் பணப்பையிலும் மற்றொன்றை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலும் வையுங்கள்.

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் என் சொந்த அனுபவம். இரத்த அழுத்தத்துக்காக எனக்கு அம்லோடிபின் எழுதிக்கொடுத்தார்கள். சில மாதங்களில் கணுக்கால் வீங்கியது. அது அந்த மருந்துக்குப் பரவலாக அறியப்பட்ட பக்கவிளைவு. ஆனால் நான் பழைய சீட்டை எடுத்துச் செல்லாமல் வேறொரு மருத்துவரிடம் போய் வீக்கத்தை மட்டும் சொன்னேன். அவர் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை கொடுத்தார். அதன் விளைவாக இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருந்தது, தூக்கம் கெட்டது, தூக்கத்துக்கென்று ஒரு மாத்திரையை நானே மருந்துக்கடையில் கேட்டு வாங்கினேன். அந்த மாத்திரையின் கிறக்கத்தோடு சிறுநீர் கழிக்க எழுந்ததில்தான் மணிக்கட்டு முறிந்தது. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயாக எண்ணி இன்னொரு மருந்தைச் சேர்ப்பது முதியவர்களிடம் அடிக்கடி நிகழ்வது. எந்தப் புதிய தொல்லை வந்தாலும், “இது நான் ஏற்கெனவே எடுக்கும் மருந்தால் வந்திருக்குமா?” என்று பட்டியலை நீட்டி முதலில் கேட்டுவிடுங்கள்.

வயதாகும்போது சிறுநீரகங்கள் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைவதால், 40 வயதில் ஒத்துக்கொண்ட அளவே 70 வயதில் அதிகமாகிவிடக்கூடும். முதியவர்கள் தவிர்ப்பது நல்லது என்று கருதப்படும் மருந்துகளை மார்க் பீயர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991இல் பட்டியலிட்டார். அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் 2023இல் அதைத் திருத்தி வெளியிட்டது. சளி மருந்துகளிலும் சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளிலும் கலந்திருக்கும் டைஃபென்ஹைட்ரமின் அதில் இருக்கிறது. அது முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கக்கூடியது.

ஓர் எச்சரிக்கை: பட்டியலைப் பார்த்துப் பயந்து எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சில இதய மருந்துகளையும் தூக்க மாத்திரைகளையும் திடீரென்று விடுவது ஆபத்து. பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் முழுமையாகக் காட்டுங்கள். மற்ற நோயாளிகள் காத்திருக்கும் அவசரத்தில் இது நடக்காது. இதற்கென்றே நேரம் கேட்டு வாங்குங்கள்.

2. காதைச் சோதித்துக்கொள்ளுங்கள், கருவியைத் தள்ளிப்போடாதீர்கள்

என் மனைவி முணுமுணுக்கிறார் என்று நான் நாலைந்து ஆண்டுகள் குறைகூறிக்கொண்டிருந்தேன். வயதினால் வரும் செவித்திறன் இழப்பில் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகள் காதில் விழுகின்றன; வல்லின மெய்கள் நழுவுகின்றன. ஆகவே கட்டு, தட்டு, பட்டு ஆகிய மூன்று சொற்களும் ஒன்றாகவே கேட்கும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. ஆண்களுக்கு இது பெரும்பாலும் பெண்களைவிட முன்னதாகவே தொடங்குகிறது. சத்தம் கேட்கிறதே என்ற எண்ணத்தில்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அடுத்தது செவித்திறன் சோதனை. வலியில்லாதது, ஒரு மணி நேரத்துக்குள் முடிவது. அதன் வரைபடத்தின் ஒரு படியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துச் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

கருவி வாங்கும்போது விலையோடு செலவு முடிந்ததென்று நினைக்காதீர்கள். மின்கலம் அல்லது மின்னேற்றி, காதுக்குள் செருகும் முனைகள், மறுசீரமைப்புக்கான வருகைகள் என்று செலவு தொடரும். ஐந்தாறு ஆண்டுகளில் கருவியையே மாற்ற வேண்டி வரலாம். ஆகவே கடையில் கேட்க வேண்டியவை இவை: திருப்பிக்கொடுக்கும் வசதியுடன் எத்தனை நாள் போட்டுப் பார்க்கலாம், மறுசீரமைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா, பழுதானால் எங்கே சரிசெய்வீர்கள், அதுவரை மாற்றுக் கருவி தருவீர்களா. பதில்களை எழுத்தில் வாங்குங்கள். நான் எதையும் கேட்காமல் முதல் கருவியை வாங்கினேன். அது ஓராண்டு மேசை இழுப்பறையில் கிடந்தது.

அங்கே கிடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாங்கிய அன்றே அதை மாட்டிக்கொண்டு ஒரு திருமணக் கூட்டத்துக்குப் போனேன். பல ஆண்டுகள் கேட்காத ஒலிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து விழுந்ததில் தலை வலித்தது. கழற்றியவன் திரும்பப் போடவில்லை. சரியான முறை இதுதான்: முதல் வாரம் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசும்போது சில மணி நேரம், அடுத்து தொலைக்காட்சி, பிறகு நாலைந்து பேர் உள்ள இடம், கடைசியில் கூட்டம். மூளை பழக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்; அதற்குள் இரண்டு முறையாவது போய்ச் சீரமைத்துக்கொள்ளுங்கள். 80 வயதில், விரல்கள் அந்தச் சிறிய கருவியைக் கையாளத் தடுமாறும்போது, இந்தப் பயிற்சியைத் தொடங்குவது மிகக் கடினம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மறதிநோய்க்கான மாற்றத்தக்க 14 அபாயக் காரணிகளில் செவித்திறன் இழப்பும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. வெளிச்சத்தைக் கூட்டுங்கள்

இதுதான் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் படி. கண்மணி சுருங்குவதாலும் கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) மஞ்சளடைவதாலும், 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். படிக்கும் இடம், அடுப்படி, மாடிப்படியின் மேற்புறமும் கீழ்ப்புறமும், மாத்திரை எடுக்கும் இடம் ஆகியவற்றில் கூடுதல் விளக்குகள் பொருத்துங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, ஆள் அசைந்தால் தானாக எரியும் சிறு விளக்குகள் போதும். என் வீட்டில் அது ஒரே பிற்பகல் வேலையாக முடிந்தது.

கண் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்யுங்கள். கண் அழுத்த நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலேயே பார்வையைத் தின்றுவிடும். கண்புரை அறுவைச் சிகிச்சை நெருங்கியிருக்கும்போது விலை உயர்ந்த புதிய கண்ணாடி வாங்காதீர்கள், ஏனெனில் சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் அளவு மாறிவிடும். இருபார்வைக் கண்ணாடி போடுபவர்கள் படி இறங்கும்போது அதன் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் படியின் விளிம்பு மங்கித் தெரியும். வெளியே நடப்பதற்கென்று தூரப் பார்வைக்கு மட்டுமான ஒரு கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது.

4. வீட்டை மாற்றியமையுங்கள்

வழுக்கும் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துவதற்குக் கொத்தனாரையோ தச்சரையோ ஒரு நாள் அழைத்தால் போதும். துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடியாகாது. உடம்பின் எடை அதில் விழுந்தால் கம்பியும் நாமும் சேர்ந்து கீழே வருவோம். உறிஞ்சு கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும் வகையையும் நம்பாதீர்கள். உறுதியான சுவரில் திருகாணியால் முடுக்கப்பட்டதே பயன்படும். அதோடு சுருளும் தரைவிரிப்புகளை எடுத்துவிடுங்கள், அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு மாற்றுங்கள், குதிகால் பிடிப்பில்லாத செருப்பை வீட்டுக்குள் விட்டுவிடுங்கள்.

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்காமல், விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை அசைத்துவிட்டு எழுங்கள். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய நிலை. வீட்டில் அழுத்தமானி இருந்தால் நீங்களே படுத்தும் நின்றும் அளந்து குறித்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

5. காலுக்கு வலுவும் சமநிலையும்

சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, 3 மீட்டர் தொலைவில் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை போய்த் திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறதென்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று கொண்டு, இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் நடக்கிறேனே, போதாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் 2 நாட்களாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், 3 நாட்களாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும், அடுப்புமேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பதும் செலவில்லாத தொடக்கங்கள். வலு கூடியது தெரிவதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகும். மூன்றாம் வாரத்தில் பயனில்லை என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

விழுந்தால் எழுவது எப்படி என்பதையும் விழாத நாளில் பழகுங்கள். பக்கவாட்டில் புரண்டு, கை கால் ஊன்றித் தவழ்ந்து, உறுதியான நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்வைத்து எழும் முறையை இயன்முறை மருத்துவர் அரை மணி நேரத்தில் கற்றுத்தருவார். அடி பெரிதாக இல்லாதபோதும் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடந்தவர்கள் உண்டு.

பெண்கள் மாதவிடாய் நின்றபின் வரும் ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியை வேகமாக இழப்பதால், அடர்த்திச் சோதனை பற்றி அப்போதே கேட்டுவிட வேண்டும். ஆண்களுக்கு இழப்பு மெதுவாக நடப்பதால் யாரும் கேட்பதில்லை. என் எலும்பின் நிலை மணிக்கட்டு முறிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

6. ஆவணங்களை ஒழுங்குபடுத்துங்கள்

கட்டுப் போட்டிருந்த வாரங்களில் என்னால் கையொப்பமிட முடியவில்லை. கட்டைப் பிரித்த பிறகு இட்ட கையொப்பம் பழையதைப் போல் இல்லையென்று ஒரு வங்கி என் காசோலையைத் திருப்பி அனுப்பியது. விரல்ரேகையைக் கொடுக்கப் போனால், வயதில் ரேகை தேய்ந்திருந்ததால் கருவி ஏற்க மறுத்தது. சொந்தப் பணத்தை எடுக்க நான் நானேதான் என்று நிரூபிக்க அலைந்த அந்த நாட்களை யாருக்கும் விரும்பமாட்டேன். ஆகவே 60 வயதிலேயே, கை நடுங்கத் தொடங்குவதற்கு முன், கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

எல்லா ஆவணங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அருகருகே வைத்துப் பாருங்கள். முதலெழுத்தின் இடம் மாறியிருந்தால்கூட ஓய்வூதியமோ காப்பீடோ நின்றுபோகலாம். ஒரு திருத்தத்துக்கே மாதங்கள் ஆகலாம் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள். கையொப்பம் மாறியிருந்தால் வங்கியில் புதிய மாதிரியைப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், கடன்கள், தானாகக் கழியும் கட்டணங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய இருவரிடம் சொல்லுங்கள். கடவுச்சொற்களை அதே தாளில் எழுதாதீர்கள்.

உயிலை நல்ல உடல்நிலையில் எழுதுவதே பாதுகாப்பு, ஏனெனில் மருத்துவமனைப் படுக்கையில் எழுதிய உயிலை எதிர்த்து வழக்குத் தொடுப்பது எளிது. உயிலால் பயன்பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள்; பல நாடுகளின் சட்டத்தில் அது அவருடைய பங்கையே பாதிக்கும். அதிகாரப் பத்திரத்தில், அதாவது உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: பல இடங்களில் சாதாரண அதிகாரப் பத்திரம், அதைக் கொடுத்தவர் சிந்திக்கும் திறனை இழந்தவுடன், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே, செல்லாததாகிவிடும். அந்த நிலையிலும் நீடிக்கும் வகை உங்கள் சட்டத்தில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டு, அதையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பேச இயலாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வைத்து, அதில் பெயர் குறிக்கப்பட்டவரிடம் நேரில் பேசிவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து வழக்கறிஞர் கட்டணம் ஒரு முறைச் செலவு.

வீட்டை உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுப்பது குறித்து என் கருத்தைக் கேட்டால், அவசரப்பட வேண்டாம் என்பேன். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைசிவரை அங்கே வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற வரி பத்திரத்தில் இருக்கட்டும். பிள்ளைகள்மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை; அவர்களுக்குக் கடனும் மணமுறிவும் வரலாம்.

தொலைபேசியில் அதிகாரி என்று சொல்லி மிரட்டியோ, கைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டோ யார் அழைத்தாலும், “என் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று துண்டித்துவிடும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

7. கணவனும் மனைவியும் வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள்

இருவரில் ஒருவர் முன்னே போவார். எஞ்சியிருப்பவர் துயரத்தோடு சேர்த்து, தெரியாத வேலைகளையும் அதே மாதத்தில் கற்க வேண்டி வரும். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு மாதம் சமையலும் மாத்திரை அடுக்குவதும் என் பொறுப்பு, வங்கியும் கட்டணங்களும் வரித்தாளும் அவர் பொறுப்பு என்று மாற்றிக்கொண்டது. நான் முதல் வாரத்தில் இரண்டு பாத்திரங்களைக் கருக்கினேன். அவர் முதல் வாரத்திலேயே நான் நாலு ஆண்டுகளாகக் கவனிக்காமல் கட்டிவந்த ஒரு தேவையற்ற சந்தாவைக் கண்டுபிடித்து நிறுத்தினார். இன்னொரு வேறுபாடும் அப்போது தெரிந்தது. அவருடைய தோழிகள் அவருடையவர்கள். என் நண்பர்களோ பெரும்பாலும் அலுவலகத்தோடு முடிந்துபோனவர்கள், உறவினர்களோடான தொடர்பும் அவர் வழியாகத்தான் எனக்கு இருந்தது. பல ஆண்களின் நிலை இதுவே. ஆகவே ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே, உங்கள் பெயரைச் சொல்லி உங்களைத் தேடும் ஓர் இடத்தையாவது, அது நூலகமோ இசை வகுப்போ தொண்டுப் பணியோ, வாரம் ஒரு நாளாவது போய்ப் பழகி வையுங்கள்.

எல்லாவற்றையும் முன்போலவே செய்ய முயல்வதும், முடியாதென்று எல்லாவற்றையும் விடுவதும் ஒரே அளவுக்குத் தவறு. உளவியலாளர் பால் பால்டஸ் இதற்குப் பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை எடுத்துக்காட்டாகச் சொன்னார். முதுமையில் அவர் வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்தார், குறைத்தவற்றை அதிகமாகப் பயிற்சி செய்தார், வேகமான பகுதிக்கு முன் வேண்டுமென்றே மெதுவாக வாசித்து, வேகம் கூடியதுபோல் தோன்றச் செய்தார். நான் எனக்கென்று இரண்டு வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டேன். எவற்றை விடுவது என்று முடிவு செய்யவே எனக்கு ஆறு மாதங்கள் பிடித்தன.

8. “வயதானால் அப்படித்தான்” என்று ஏற்கக் கூடாதவை

ஒரு நாளிலோ சில மணி நேரத்திலோ திடீரென்று வரும் மனக்குழப்பம் மறதிநோய் அன்று. தொற்றோ, நீரிழப்போ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முயலாமலேயே உடல் எடை சில மாதங்களில் குறைவதும், இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை நீடிப்பதும் காட்டப்பட வேண்டியவை. வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்குவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் வேளை வைத்து நீர் அருந்துங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர் கசிவைப் பலர், குறிப்பாகப் பெண்கள், வெட்கத்தால் பல ஆண்டுகள் சொல்லாமல் வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். இடுப்படித் தசைப் பயிற்சியால் பலருக்கு இது நன்றாகவே குறைகிறது. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் வரும் தொல்லைக்கும் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் போகும் முன், மூன்று நாட்களுக்கு எப்போது, எவ்வளவு நீர் குடித்தீர்கள், எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாள் இருந்தால் கூச்சத்தோடு விவரிக்க வேண்டியதில் பாதி குறையும். பயிற்சியின் பயன் தெரியச் சுமார் 3 மாதங்கள் ஆகும்.